ஈகிள்ஸ் குழுவின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பில் 'ஹோட்டல் கலிபோர்னியா' ஏன் இல்லை?

அஸ்தம்பட்டி ரசிகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த என் பெரியப்பாவிடம், அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் பாடல்கள் அடங்கிய, 'ஈகிள்ஸ் – கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று நீல மையால் எழுதப்பட்ட கேசட் ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறைகளில் மலைக்குச் செல்லும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதால், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரும் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். ஏ பக்கம் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாடலோடும், பி பக்கம் 'நியூ கிட் இன் டவுன்' பாடலோடும் முடியும். அண்மையில் அந்தத் தொகுப்பைக் குறுந்தகடாக வாங்கினேன். மற்ற பத்துப் பாடல்களும் நான் அறிந்த அதே வரிசையில் இருக்க, இவ்விரண்டு மட்டும் அதில் இல்லை.

இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு ஏதேனும் வெளிவந்ததா, அல்லது பிற்காலத்தில் இவற்றை நீக்கிவிட்டார்களா? சேலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு மாம்பழத்தைக் குறிப்பிடாமல் விட்டதுபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிறுவயதில் எனக்குத் தோன்றாத ஒரு வேறுபாடு இப்போது தெளிவாகக் கேட்கிறது. 'பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்' பாடலையும் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே குழுவின் படைப்பு என்று நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. இது என் காதின் கோளாறா, அல்லது இதற்குக் காரணம் உண்டா?

சூரமங்கலத்தார்:

எதையும் நீக்கவில்லை, ஐயா. அட்டையில் இருக்கும் முழுப் பெயரைப் பாருங்கள்: 'தெர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975'. இத்தொகுப்பு 1976 பிப்ரவரியில் வெளிவந்தது. 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆல்பம் அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. 'நியூ கிட் இன் டவுன்' அதே ஆல்பத்தைச் சேர்ந்த பாடல். ஆகவே தொகுப்பு கடைக்கு வந்தபோது அவ்விரு பாடல்களும் வெளிவந்திருக்கவே இல்லை. 1982இல் வந்த இரண்டாம் தொகுப்பில்தான் அவை இடம்பெற்றன.

முதல் தொகுப்பு நான்கு ஆல்பங்களிலிருந்து எடுக்கப்பட்டது: 1972இல் வந்த முதல் ஆல்பம், 1973இன் 'டெஸ்பெராடோ', 1974இன் 'ஆன் தி பார்டர்', 1975இன் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்'. இந்நான்கிலிருந்தும் தனிப்பாடல்களாக (சிங்கிள்) வெளியிடப்பட்டவற்றுள் 'அவுட்லா மேன்', 'ஜேம்ஸ் டீன்' ஆகிய இரண்டும் விற்பனைப் பட்டியலில் பெரிதாக ஏறாததால் விடுபட்டன. மாறாக, தனிப்பாடலாக வெளிவராத 'டெஸ்பெராடோ' பாடல் சேர்க்கப்பட்டது. என் பார்வையில், தொகுத்தவர்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான்.

ஒரு குழு தன் புகழின் உச்சியைத் தொடும் முன்பே 'மிகச் சிறந்தவை' என்று தொகுப்பு போட்டதும், அதுவே அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களுள் ஒன்றானதும் வியப்புக்குரியவை. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1976இல், பத்து லட்சம் விற்பனைக்கான பிளாட்டினம் சான்றை அறிமுகப்படுத்தியபோது அதை முதலில் பெற்றது இத்தொகுப்பே. 2018இல் அதே சங்கம் இதற்கு 38 மடங்கு பிளாட்டினம் அளித்து, மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்துக்கு மேலே வைத்தது. அந்தக் கணக்கில் இணையத்தில் கேட்கப்படுவதும் சேர்த்தி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 38 மில்லியன் தட்டுகள் கைமாறின என்று சிலர் எழுதுவது சரியன்று.

செவ்வாய்ப்பேட்டை ஒலிப்பிரியர்:

முந்தைய பதில் தேதிகளைச் சரியாகச் சொல்லிவிட்டது. ஆயினும் பெரியப்பாவின் கேசட்டில் அப்பாடல்கள் எப்படி வந்தன என்பது எஞ்சியிருக்கிறது. பெயர் மையால் கைப்பட எழுதப்பட்டிருந்தது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதே விடை. அது நிறுவனம் வெளியிட்ட கேசட் அன்று. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியது.

எண்பதுகளில் சேலத்தில் வெற்றுக் கேசட்டையும் பாட்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டு, சில நாள்கள் கழித்துப் போய் வாங்கிவரும் வழக்கம் பரவலாக இருந்தது. ஆங்கிலப் பாடல் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு முழு எல்.பி. தட்டையே பதியச் சொல்வார்கள். இத்தொகுப்பின் முதல் பக்கம் ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டாம் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் நாடா வெறுமையாக எஞ்சும். வெற்று நாடாவைக் கொடுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே கடைக்காரர் கையிலிருக்கும் வேறொரு தட்டிலிருந்து பொருத்தமான பாட்டைப் பதிந்து நிரப்புவார். 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆறரை நிமிடம், 'நியூ கிட் இன் டவுன்' ஐந்து நிமிடம். இரண்டும் அந்தந்தப் பக்கத்தில் கச்சிதமாக அடங்கும். இரண்டும் ஒரே ஆல்பத்திலிருந்து வந்தவை என்பதால், கடைக்காரரிடம் அந்த ஆல்பமும் இருந்திருக்கிறது என்றே கொள்ளலாம். பதிப்புரிமைச் சட்டம் இதை ஏற்காது என்பது வேறு விஷயம். அன்று அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

நாகலூர் மிளகுக்கொடி:

உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது இரண்டு தயாரிப்பாளர்களின் வேறுபாடு. முதல் இரண்டு ஆல்பங்களையும் லண்டனில் பதிவு செய்தவர் கிளின் ஜான்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ போன்ற குழுக்களோடு பணியாற்றியவராயினும், இக்குழுவிடம் அவர் கண்ட பலம் ராக் இசையன்று. நான்கு பேரும் சேர்ந்து பாடும் குரலிணைவும் மரக் கிட்டாரின் ஒலியுமே. டிரம்ஸுக்கு மிகச் சில ஒலிவாங்கிகளை மட்டுமே சற்று எட்ட வைத்துப் பதிவது அவருடைய முறை. அதனால் அப்பாடல்களில் தாளம் முன்னால் வந்து நிற்காமல், அறையின் காற்றோடு கலந்து கேட்கும். 'டேக் இட் ஈஸி' பாடலில் குழுவின் கிட்டார் கலைஞர் பெர்னி லெடன் வாசிக்கும் பான்ஜோ என்ற நரம்பிசைக் கருவி இரட்டை வேகத்தில் ஓடுவதும் ஜான்ஸின் யோசனையே.

குழுவின் முக்கியப் பாடகர்களான கிளென் ஃபிரைக்கும் டான் ஹென்லிக்கும் இந்த மென்மை போதவில்லை. கனமான ராக் ஒலியை விரும்பினார்கள். 'ஆன் தி பார்டர்' ஆல்பத்தின் பணி ஜான்ஸோடு தொடங்கிய பின்பு, அவரை விட்டு விலகி, பில் சிம்சிக் என்ற தயாரிப்பாளரிடம் போனார்கள். மின்கிட்டாருக்காக டான் ஃபெல்டரும் வந்து சேர்ந்தார். இத்தொகுப்பின் பத்துப் பாடல்களில் ஆறு ஜான்ஸ் பதிந்தவை. 'லையிங் ஐஸ்', 'ஆல்ரெடி கான்', 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்', 'டேக் இட் டு தி லிமிட்' ஆகிய நான்கும் சிம்சிக்குடையவை. 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' தொடங்கும்போது பேஸ் கிட்டார் தனியாக முன்னே வருவதையும், ஹென்லி கள்ளக்குரலில் உச்சத்துக்கு ஏறுவதையும் கவனியுங்கள். முதல் ஆல்பத்தில் அப்படியொரு ஒலிக்கு இடமே இருந்திருக்காது.

குரல்களையும் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஐந்து பாடல்களில் முதற்குரல் ஃபிரை, நான்கில் ஹென்லி, ஒன்றே ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்த ராண்டி மைஸ்னர். அந்த ஒன்றான 'டேக் இட் டு தி லிமிட்' பாடலின் இறுதியில் மைஸ்னர் தொடும் உச்ச ஸ்தாயிதான் இத்தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். லெடன் ஒரு பாட்டிலும் முதற்குரலாக வரவில்லை. ஆயினும் தொடக்க காலப் பாடல்களின் நாட்டுப்புறச் சாயல் பெருமளவு அவரால் வந்தது. தொகுப்பு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே அவர் குழுவை விட்டுப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜோ வால்ஷ்தான் ஃபெல்டரோடு சேர்ந்து 'ஹோட்டல் கலிபோர்னியா'வின் முடிவில் அந்த இரட்டைக் கிட்டாரை வாசித்தவர். எனவே அப்பாட்டு இத்தொகுப்பில் இல்லாதது, என்னைப் பொறுத்தவரை, நல்லதே. இது வேறொரு குழுவின் ஆவணம்.

ஓர் அறிவுரை: இதைக் காரில் கேட்டு ஒலியைத் தீர்மானிக்காதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை மலையேறும் நேரமும் இத்தொகுப்பின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பலருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இரையும் எஞ்சின், ஜான்ஸ் பதிந்த மெல்லிய ஒலிகள் அனைத்தையும் விழுங்கிவிடும். சிம்சிக்கின் பாடல்கள் மட்டுமே காதில் எட்டும்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி:

மேலே இருப்பவர்கள் இத்தொகுப்பின்மேல் வைத்திருக்கும் மதிப்பை என்னால் முழுமையாகப் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. என் வயதுக்காரர்கள் பலரையும் போல, 1994இல் வந்த 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' நேரடி ஒலிப்பதிவின் வழியாகத்தான் நான் இக்குழுவுக்குள் வந்தேன். பின்னர் மூல ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்படிக் கேட்டவர்களுக்கு, தொகுப்பில் 'டெஸ்பெராடோ' ஆல்பத்துக்கு நேர்ந்த கதி வருத்தமளிக்கும்.

அந்த ஆல்பம் பழைய அமெரிக்காவின் டூலின்–டால்டன் கொள்ளைக் கும்பலை மையமாக வைத்து, தொடக்கத்தில் வரும் இசையே முடிவிலும் மீண்டு வரும்படி பின்னப்பட்ட ஒரே கதை. அதில் 'டெக்கீலா சன்ரைஸ்' முடிந்தவுடன் 'டெஸ்பெராடோ' தொடங்கி முதல் பக்கத்தை நிறைவு செய்யும். தொகுப்பிலோ 'டெஸ்பெராடோ' முதல் பக்கத்தின் இறுதியிலும், 'டெக்கீலா சன்ரைஸ்' அடுத்த பக்கத்திலும் பிரிந்து கிடக்கின்றன. ஹென்லியே இவ்விரு பாடல்களும் தம் சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டதைக் குறையாகச் சொல்லியிருக்கிறார். வானொலியில் வென்ற பாடல்களை ஆண்டு வரிசைகூட இல்லாமல் கலைத்து அடுக்கியதால், கேட்பவருக்கு இனிமை கிடைக்கிறது. குழு எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பது மறைந்துபோகிறது. கேள்வி கேட்டவருக்கு வந்த குழப்பத்துக்கும் இந்தக் கலைப்பே காரணம் என்று கருதுகிறேன்.

அஸ்தம்பட்டி ரசிகன்:

அனைவருக்கும் நன்றி. கேசட்டின் புதிர் முழுமையாகத் தீர்ந்தது. நாகலூர் அண்ணா சொன்னபடி பத்துப் பாடல்களையும் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்து, வீட்டில் அமர்ந்து கேட்டேன். டிரம்ஸின் வேறுபாடு உடனே பிடிபட்டது. ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. 'பெஸ்ட் ஆஃப் மை லவ்' 1974ஆம் ஆண்டு ஆல்பத்தைச் சேர்ந்தது என்றால், அது சிம்சிக்கின் பாடலாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் ஒலியோ ஜான்ஸுடையதுபோல் இருக்கிறது. மேலும், மூல ஆல்பங்களுள் முதலில் எதை வாங்குவது?

நாகலூர் மிளகுக்கொடி:

நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அது ஜான்ஸ் பதிந்ததுதான். அவரை விட்டுப் பிரிவதற்கு முன் லண்டனில் முடிந்த இரண்டு பாடல்களை மட்டும் 'ஆன் தி பார்டர்' ஆல்பத்தில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று இது. கனமான ராக் வேண்டும் என்று அவரை விட்டு வந்தவர்களுக்கு, அமெரிக்கப் பட்டியலில் முதன்முதலாக முதலிடத்தை, 1975 மார்ச்சில், வாங்கிக் கொடுத்தது அவர் பதிந்த இந்த மென்மையான பாட்டுத்தான்.

ஆகவே முதலில் 'ஆன் தி பார்டர்' வாங்குங்கள். வாசகி அம்மா 'டெஸ்பெராடோ'வைச் சொல்லக்கூடும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். 'ஆன் தி பார்டர்' சிம்சிக்கின் 'ஆல்ரெடி கான்' பாடலில் தொடங்கி, ஜான்ஸின் 'பெஸ்ட் ஆஃப் மை லவ்' பாடலில் முடிகிறது. நீங்கள் கேட்ட வேறுபாடு முழுவதும் அந்த ஒரே தட்டில் இருக்கிறது.