பீளமேடு வீட்டுக் குழு: அருணின் காருக்கு வெளிக்கூலர்

அருண், காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு செட்டிபாளையம் கரி பந்தயத் தடத்தில் என் ஃபோர்டு மஸ்டாங் காரை ஓட்டப் பதிவு செய்திருக்கிறேன். சென்ற முறை ஐந்தாவது சுற்றிலேயே கியர்பாக்ஸ் சூட்டு எச்சரிக்கை வந்ததால் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். கியர்பாக்ஸ் எண்ணெயைக் காற்றில் ஆற வைக்கத் தனியாக ஒரு ஆயில் கூலர் வெளியே வைக்கலாமா, சித்தப்பா?

பத்மா அத்தை, 6.52
எச்சரிக்கை வந்த இடத்துக்கே மறுபடியும் போக வேண்டுமா, கண்ணு?

சித்தப்பா, 7.15
தாராளமாக வைக்கலாம், அருண். நம் நாட்டுக்கு 2016-இல் வந்த மஸ்டாங்கில் 5.0 லிட்டர் வி8 என்ஜினும் 6 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் உள்ளன. என்ஜினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியாகவே விசையைக் கடத்துகிறது. அதன் என்ஜின் பக்கமும் பெட்டிப் பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது வீணாகும் விசை முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கிவிடும். அவினாசி சாலையில் சீராகப் போகும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடுவதால் கவலையில்லை. கரி தடமோ 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்கு வளைவு பிரேக்கும் முழு ஆக்சிலரேட்டரும் மாறி மாறி வருவதால் எண்ணெய்க்கு ஆற நேரமே கிடைக்காது. 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்க வேண்டிய எண்ணெய் 120-ஐத் தாண்டினால் சிதைந்து அரக்குப் போலப் படியும், 150-ஐ நெருங்கினால் சீல்கள் இறுகிக் கிளட்ச் தட்டுகளும் தீயத் தொடங்கும்.

பெரியப்பா, 7.31
வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நம் பழைய ஜீப் கொதித்து நின்ற நாளில் இந்த அக்கறை யாருக்கும் இருக்கவில்லை.

சித்தப்பா, 7.33
அன்று ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காதது என் தவறுதான், அண்ணா. அதனால்தான் இன்று இவ்வளவு சொல்கிறேன்.

மஞ்சு அக்கா, 8.05
வண்டியிலேயே ஒரு குளிர்விப்பான் இருக்குமே, இன்னொன்று எதற்கு?

சித்தப்பா, 8.20
அது என்ஜின் தண்ணீரால் குளிர்விப்பது, மஞ்சு. அந்தத் தண்ணீரே ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடுவதால் எண்ணெய் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. பழையதைக் கழற்றவும் கூடாது. பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் முதலில் பழைய குளிர்விப்பானுக்குப் போய், பிறகு வெளிக்கூலரில் காற்றுப்பட்டு, அதன்பின் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அருண் மார்கழியிலும் ஊட்டிக்கு ஓட்டுவான் என்பதால், எண்ணெய் சூடாகும்வரை கூலரைத் தவிர்த்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு அவசியம்.

குமார் மாமா, 8.41
பிராக்கெட்டை நான் சிங்காநல்லூர் பட்டறையில் வளைத்துத் தருகிறேன்.

பெரியப்பா, 8.44
அப்பாவின் வெல்டிங் மெஷின் இன்னும் அங்கேதானே இருக்கிறது?

குமார் மாமா, 8.50
இருக்கிறது, மச்சான். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.

சித்தப்பா, 9.02
கூலரை வண்டியின் முன்பக்கம், ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டுப் பிராக்கெட்டில்தான் பொருத்த வேண்டும். கூலரின் மெல்லிய தகடுகளின் ஊடாகப் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி இறுக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதிர்வில் உரசி உரசிக் கூலரே ஓட்டையாகிவிடும். பெட்ரோல் குழாய் வேண்டாம், கியர் ஆயிலின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் குழாயையே வாங்கு. ஓடும்போது குழாய் கழன்றால் எண்ணெய் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீயும் பிடிக்கலாம்.

பத்மா அத்தை, 9.06
தீ என்று படித்ததும் மனம் பதறுகிறது. ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடு, அருண்.

அருண், 9.30
கூலர் வியாழக்கிழமைதான் வரும், அத்தை. வெள்ளிக்கிழமைக்குள் பொருத்த முடிந்தால் மட்டும் போகிறேன். எண்ணெய் எவ்வளவு வாங்கட்டும், சித்தப்பா?

சித்தப்பா, 9.38
இந்தப் பெட்டிக்கான மெர்கான் எல்வி எண்ணெய் 2 லிட்டர் கைவசம் இருக்கட்டும். புதிய கூலரும் குழாயும் நிரம்பியதும் பெட்டியில் அளவு குறைந்துவிடும். கையேடு சொல்லும் சூட்டுக்கு எண்ணெய் வந்த பிறகே அளவைப் பார்க்க வேண்டும். வண்டியின் கணினியில் செருகினால் எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஓபிடி ரீடரை மறக்காதே. 115 டிகிரி வந்தால் தடத்தை விட்டு வெளியே வந்துவிடு.

குமார் மாமா, 9.55
வெள்ளிக்கிழமை பட்டறையில் மோட்டார் பம்ப் வேலை நிறைய இருக்கிறது. மாலையில் முடியுமா என்று வியாழக்கிழமை சொல்கிறேன்.

பத்மா அத்தை, 9.57
அப்படியென்றால் அடுத்த மாதமே போகலாமே?

அருண், 10.10
மாமா சொல்லட்டும், அத்தை.