தெரு குரூப்: மாடி சோலாருக்கு என்ன விலை?

முரளி (வீடு 9): சோலார் போட்டப்புறம் முதல் ஈபி பில் வந்துடுச்சு 😎 ஈபிக்கு அனுப்பின கரண்டை, அதான் எக்ஸ்போர்ட்டை, கழிச்சா கட்ட வேண்டியது சொற்பம். 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கு, போடாதவங்க போடுங்க.

செல்வி அக்கா (வீடு 2): சந்தோஷம் தம்பி. நீ மத்தியானம் அனுப்புற கரண்டு எங்க போகுது?

முரளி: கிரிட்டுக்கு, அதான் ஈபியோட பெரிய லைனுக்குப் போயிடும்க்கா

பழனி மாமா (ரிட்டயர்டு ஈபி): அவ்வளவு தூரம் போகாதுப்பா. நம்ம ட்ரான்ஸ்பார்மரைத் தாண்டுறதுக்குள்ள பக்கத்து வீட்டு ஃபேன் இழுத்துக்கும். செல்வி வீட்டுலயும் அதுதான் ஓடுது.

செல்வி அக்கா: அப்ப எனக்கு ஏன் மாமா பில்லு 😄

பழனி மாமா: ராத்திரிக்கும் சேர்த்துதான்மா. முரளி பகல்ல ஒரு யூனிட் குடுத்து ராத்திரி ஒரு யூனிட் வாங்கிக்கிறான். ரெண்டும் ஒரே விலையா? ஃபேக்டரிக்காரங்ககிட்ட சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் 25 சதவீதம் கூட வாங்குறாங்களே.

முரளி: மாமா 2019ல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குடுத்த ரேட் நினைவிருக்கா? எக்ஸ்போர்ட்டுக்கு யூனிட்டுக்கு 2.28 ரூபா! பெரிய சோலார் பார்க் விலை 3.04ல முக்கால் பங்கு. எவன் போடுவான்? 2021ல வீடுகளுக்குப் பழையபடி, குடுத்த யூனிட்டை வாங்கின யூனிட்ல கழிக்கிற யூனிட்டுக்கு யூனிட் முறை வந்துச்சு.

பழனி மாமா: அது அநியாயம்தான். பார்க் கரண்டு தூரத்துல இருந்து வரும், வழியில நஷ்டம். உன்னுது தெருவுலயே தீர்ந்துடும். பார்க்கை விடக் கூடத்தான் தரணும்.

நசீர் பாய் (வீடு 11): தண்ணி லாரி எப்ப?

முரளி: 5 மணி பாய்

பழனி மாமா: ஆனா இப்ப இருக்கறதும் சரியில்ல. 2022 கட்டணத்தையே எடு. ரெண்டு மாசத்துக்கு 200க்கு மேல 400 யூனிட் வரைக்கும் ஓட்டுற வீட்டுக்கு ஒரு யூனிட் மிச்சமானா 4.50 ரூபா லாபம். 1000க்கு மேல ஏசி ஓட்டுறவனுக்கு அதே யூனிட்டுக்கு 11 ரூபா. அடிக்கிற வெயில் ஒண்ணுதானே?

செல்வி அக்கா: எனக்கு ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட். 100 இலவசம். மேல ஓட்டுக்கூரை. எனக்கு என்ன மிச்சம் ஆகப் போகுது

முரளி: அக்கா நான் கைக்காசு போட்டிருக்கேன்ல

செல்வி அக்கா: உன்னைச் சொல்லலடா. கம்பி, ட்ரான்ஸ்பார்மர் செலவு யாரு தலையில விழும்னுதான் கேக்குறேன்.

பழனி மாமா: வீட்டுக்கு நிலைக்கட்டணத்தை 2022லயே எடுத்தாச்சு. கம்பிச் செலவும் யூனிட் விலைக்குள்ளதான் இருக்கு. யூனிட்டே வாங்காதவன் அதுல அவ்வளவு கம்மியாத்தான் தர்றான். பெரிய வீடோ சின்ன வீடோ, எக்ஸ்போர்ட்டுக்கு ஒரே விலை வைக்கணும். பேட்டரியில சேத்து சாயங்காலம் குடுத்தா கூடுதலா.

முரளி: நாளைக்கு ரூலை மாத்தினா என் கதி?

பழனி மாமா: போட்டவனுக்குப் போட்டப்ப இருந்த கணக்கையே தொடரணும். கலிபோர்னியாவுல 2023 ஏப்ரல்ல எக்ஸ்போர்ட் விலையை வெட்டினப்பவும் முன்னாடி சேந்தவங்களுக்கு 20 வருஷம் பழைய முறைதான்.

முரளி: அப்ப செல்வி அக்காவுக்கு?

பழனி மாமா: ஸ்கூல் மாடி, சமுதாயக்கூட மாடியில போட்டு ஓட்டுவீட்டுக்காரங்க பில்லுல பங்கு கழிக்கலாம். டெல்லியில அதுக்கு விதிமுறையே இருக்கு.

செல்வி அக்கா: நம்ம தெரு மண்டபத்து மாடி சும்மாதானே கிடக்கு. யாரைக் கேக்கணும்?

நசீர் பாய்: தண்ணி லாரி வந்துடுச்சு