கடலில் அடிபட்டபோது எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டீர்கள்? (அனுபவப் பகிர்வு)

இடதுகை:
2022, பாம்பே ஹை, மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள எண்ணெய் வயல். ட்ரில் ஃப்ளோரில், அதாவது ரிக்கின் துளையிடும் தளத்தில், நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழை, வழுக்கல், பைப்பை இறுக்கும் டாங் சட்டென்று திரும்பியது. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் போயின. அது பழங்கதை.

மூன்றாம் நாள் மும்பை ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். நான்கு பக்க ஆங்கிலக் காகிதம். கடைசிப் பக்கம் மட்டும் தெரியும்படி மடித்துப் பிடித்திருந்தார். "கையில் கட்டுப் போட்டிருக்கிறதே, எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றேன். "அதனால் என்ன தம்பி" என்று சட்டைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். என் இடது பெருவிரலைக் குழந்தையின் விரலைப் போலப் பிடித்து உருட்டி ஒற்றினார். 60,000 ரூபாய்க்குக் காசோலை. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்ததாம்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். என் தாத்தாவைக் கைநாட்டு என்று ஊரார் கேலி செய்ததைக் கேட்டு வளர்ந்தவன். அந்த ஊதா மை போக மூன்று நாள் ஆயிற்று.

அடுப்படி 28:
தம்பி, உங்களுக்காவது காகிதம் வந்தது. நான் ரிக்கின் சமையலறையில் (galley) சமையல் உதவி. கொதித்த எண்ணெய் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. மருத்துவ அறையில் களிம்பு போட்டுப் பதிவேட்டில் "முதலுதவி மட்டும்" என்று எழுதினார்கள். நான்கு நாள் அடுக்குக் கட்டிலில் படுத்திருந்தேன். ஏட்டில் அது "இலகு வேலை".

ஏன் தெரியுமா? படிக்கட்டுப் பக்கம் ஒரு பலகை உண்டல்லவா, "விபத்தில்லா நாட்கள்" என்று. அன்று 412. மறுநாள் கை எரிச்சலோடு கழிவறைக்குப் போகும்போது பார்த்தேன், 413 என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றிய பையன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

விரல் வெட்டு, சூடு என்றால் சின்ன விஷயம் என்பார்கள். 2005 ஜூலை 27 அன்று பாம்பே ஹை நார்த்தில் நடந்தது எதனால் தொடங்கியது? சமுத்ரா சுரக்ஷா கப்பலில் ஒரு சமையல்காரரின் விரல் வெட்டுப்பட்டது. அவரைக் கரை சேர்ப்பதற்காகப் பிளாட்ஃபார்ம் அருகே வந்த கப்பல் எரிவாயுக் குழாயில் மோதியது. 22 பேர் போனார்கள்.

டெக்சாஸ் வாசி:
இந்தியாவில்தான் இப்படி. அமெரிக்காவில் 1920இன் ஜோன்ஸ் சட்டம் இருக்கிறது. கப்பல் தொழிலாளி என்ற தகுதி இருந்தால், முதலாளியின் அலட்சியத்துக்கு ஜூரி முன்பே வழக்குப் போடலாம். மிதக்கும் ரிக் கப்பல் கணக்கில் வரும். கடலடியில் கால் ஊன்றிய நிலையான பிளாட்ஃபார்ம் வராது. அங்கே அடிபட்டால் துறைமுகத் தொழிலாளருக்கான இழப்பீட்டுச் சட்டம்தான். 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்து 11 பேரைக் கொன்ற டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் மிதவை வகை. ஆகவே முதல் கேள்வி, "எதன்மேல் நின்றுகொண்டிருந்தாய்?" என்பதே.

என் கதை சிறியது. படியில் சறுக்கி முழங்கால் போயிற்று. காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். வீட்டில் பழகியபடி "நல்லா இருக்கேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். உரையாடல் பதிவாகிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ஒரு வாக்கியத்தையே எனக்கு எதிராகப் போட்டுக் காட்டினார்கள்.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு):
டெக்சாஸ் ஐயா, "இந்தியாவில்தான் இப்படி" என்று தொடங்கி, அங்கேயும் அப்படியே என்று முடித்திருக்கிறீர்கள். இருக்கட்டும். ஜோன்ஸ் சட்டத்தை வைத்துக்கொண்டு இந்தத் தம்பி என்ன செய்வார்?

என் மைத்துனரும் கடலில் தோளை உடைத்துக்கொண்டவர்தான், அதை விடுங்கள். தம்பி, கவனியுங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இழப்பீட்டு ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் ஆணையரிடம் பதிவாக வேண்டும். பதிவாகாத காகிதத்தைக் காட்டி முதலாளி பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது; உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. கான்ட்ராக்டர் கைவிரித்தால், வேலையை ஒப்படைத்த பெரிய கம்பெனியையும் 12ஆம் பிரிவின்கீழ் இழுக்கலாம். மும்பைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊர் எந்த ஆணையரின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே மனுப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள்.

கணக்கும் சொல்கிறேன். மாதச் சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 2020 முதல் 15,000 ரூபாயைத்தான் எடுப்பார்கள் (இது அநியாயம் என்பது என் கருத்து). அதில் 60 சதவீதம் 9,000. அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள்; முப்பது வயதென்றால் 207.98. ஒரே கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் 20 சதவீதம். ஆக 3,74,364 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதித் தொகை வரை அபராதம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் 2022 விபத்துக்குப் பழைய சட்டமே பேசும். அடுப்படி அண்ணன் கவனிக்க: முதலுதவிப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

அடுப்படி 28:
ஐயா, கை வெந்தவனிடம் படம் எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். போன்களை ஹெலிகாப்டர் ஏறுமுன்பே வாங்கி வைத்துவிட்டார்கள்.

அபுதாபி வீட்டுக்காரி:
என் கணவரின் கணுக்கால் நசுங்கியபோதுதான் சம்பளச் சீட்டை முதல்முறை முழுதாகப் படித்தேன். கைக்கு வந்தது 2,600 திர்ஹாம். அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் 900. மற்றதெல்லாம் படித்தொகை (அலவன்ஸ்). அமீரகச் சட்டத்தில் உயிரே போனாலும் 24 மாத அடிப்படைச் சம்பளம்தான். 18,000க்குக் குறையாது, 2,00,000க்கு மிகாது. ஊனத்துக்கு அதற்குத் தக்க விகிதம். முதல் ஆறு மாதம் முழுச் சம்பளம் தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அந்த 900 என்ற எண் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏழு ஆண்டு அந்தச் சீட்டு அவருடைய பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

இடதுகை:
குமாஸ்தா ஐயாவுக்கு நன்றி. கணக்கு எனக்கும் தெரியும். திருச்சியில் மனுப் போட்டு, 2024இல் தீர்ப்பாகி, கொடுத்த 60,000 போக மீதி வட்டியோடு வந்துவிட்டது. அந்த நான்கு பக்கத்தை அவர்களே விசாரணையில் நீட்டினார்கள். எங்கும் பதிவாகாதது என்று ஒதுக்கிவிட்டார்கள். "படித்தவர்தானே, ஏன் கைநாட்டு?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கட்டுப்போட்ட கையின் புகைப்படத்தை என் வக்கீல் காட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் எழுதியது பணத்தைப் பற்றி அல்ல. அவர் ஏன் மைப்பெட்டியோடு வந்தார்? என் வலது கை கட்டில் இருக்கும் என்று தெரிந்துதான் புறப்பட்டிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன், ஓரமெல்லாம் அடர் ஊதா. நடுவில் பெருவிரல் அளவுக்குத் துணி தேய்ந்து வெளுத்திருந்தது.