புதுப்பிப்பு: ஏற்காடு சர்வரில் கேட்வே சேராத சிக்கல் தீர்ந்தது

எஸ்டேட் அலுவலக உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வரில் 192.168.1.50 முகவரி கொடுத்தும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல், இங்கே 192.168.1.1) ஏறவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் சின்னதுதான்: 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளையில் முகவரிக்குப் பின் வரும் /24 (192.168.1 என்று தொடங்குபவை எல்லாம் ஒரே நெட்வொர்க் என்ற குறிப்பு) விட்டுப்போயிருந்தது. அதை எழுதாவிட்டால் லினக்ஸ் /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும், பக்கத்திலிருக்கும் 192.168.1.1-க்கே வழி தெரியாமல், கேட்வே செல்லாது என்று திருப்பிவிடும். பழையதை /32 என்று குறித்து நீக்கிவிட்டு, /24-உடன் மறுபடி சேர்க்க வேண்டும்.

இதுவும் ரீபூட் வரைக்கும்தான். நிலைக்க, நெட்பிளானின் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) யாம்ல் கோப்பில் எழுதுங்கள். வரி உள்தள்ள ஸ்பேஸ் மட்டும், டேப் கூடாது. சேலத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்தே சர்வரை இயக்கும் இணைப்பு) மாற்றுபவர்கள் 'நெட்பிளான் அப்ளை' பக்கமே போகாதீர்கள்; தவறிருந்தால் இணைப்பே அறுந்துவிடும். 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தால், 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். இல்லையென்றால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.