ஜோயி ரமோன் போனபிறகு வந்த அல்பம்: அது அவருடையதுதானா?

கல்லடிப் பொடியன்:
இங்கே ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவைக் கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 1976இல் வந்த அவர்களின் முதல் அல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம்கூட இல்லை, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினால் டவுன் வரமுதல் முடிந்துவிடும். இப்போது அவர்களின் பாடகர் ஜோயியின் தனி அல்பம் 'டோன்ட் வொரி அபவுட் மீ' கேட்கிறேன். ஆள் 2001 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார், இது வந்தது 2002 பெப்ரவரியில். கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. எங்களோடு கிட்டார் அடித்த கூட்டாளி ஒருவன் போன வருடம் மோசம் போய்விட்டான், அவன் பாடின ஏழெட்டு ரெக்கோடிங் என் போனில் கிடக்கிறது. டிரம்ஸ் சேர்த்து முடிப்போம் என்று மற்றவர்கள் நிற்கிறார்கள், எனக்கு மனம் வருகுதில்லை.

வாவிக்கரை:
தம்பி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீங்க. அந்த அல்பத்துக்கு ஜோயி உயிரோடு இருக்கும்போதே டேனியல் ரே என்ற தயாரிப்பாளரோடு உட்கார்ந்து வேலை செய்தவர், வருத்தக் கட்டிலில் கிடந்ததைப் பற்றியே அதில் ஒரு பாட்டு இருக்கிறது, விழுந்தாலும் எழும்புவேன் என்று. ஆனால் 2012இல் 'யா நோ?' என்று இன்னொன்று வந்ததே, அதுதான் உங்கட கேஸ். பழைய டெமோக்களில், அதாவது முன்னோட்டப் பதிவுகளில், இருந்த குரலை வைத்து, ஜோயியின் தம்பி மிக்கி லீயும் மற்றவர்களும் வாத்தியம் சேர்த்துச் செய்தது. நான் முதலாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

அக்கரைப்பற்று அக்கா:
லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டை வேகமாக அடித்துக்கொண்டுதானே அந்த 2002 அல்பமே தொடங்குது! சாகப்போகிற மனிசன், உலகம் எவ்வளவு வடிவு என்று கத்துறார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பங்க் என்றால் அதுதான். அடுத்தது, 2012 அல்பத்தை அப்படித் தள்ளவும் ஏலாது, செய்தது கூடப்பிறந்தவன். தம்பி, நீங்கள் இதை எங்களிடம் கேட்கமுதல் அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்டீங்களா?

கல்லடிப் பொடியன்:
கேட்கவில்லை அக்கா. ஞாயிறு போகிறேன்.

கல்லடிப் பொடியன்:
போய்விட்டு வந்தேன். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா எல்லாவற்றையும் இருந்து கேட்டார். மூன்றாவது பாட்டுக்குப் பின்னால் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், நான் அதை எப்படி அழிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அது எங்கட கிணத்துக் கப்பி மனே, நான்தான் தண்ணி அள்ளுறன், அதை எடுக்காத" என்றார். மற்றதெல்லாம் உங்கட விருப்பம் என்றும் சொன்னார். டிரம்ஸ் அடிக்கிறவன் இப்போது கப்பி தாளத்துக்கு நிற்கவில்லை என்று புலம்புகிறான்.

வாவிக்கரை:
அவனைக் கப்பிக்கு அடிக்கச் சொல்லுங்க.