ரேடியேஷன் பாதியில் வாய்ப்புண், அப்பா "இனி வரமாட்டேன்" என்கிறார்

அப்பாவுக்கு அடிநாக்கில் புற்றுநோய். மொத்தம் 33 ரேடியேஷன், நேற்றோடு 17 முடிந்தது. இரண்டு வாரம் நன்றாகத்தான் சாப்பிட்டார். இப்போது கன்னத்தின் உள்பக்கமெல்லாம் வெந்து சிவந்து, நாக்கில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. எச்சில் விழுங்கினால்கூட கண் கலங்குகிறது. வலி மாத்திரை பழகிவிடும் என்று பாதி நாள் போடுவதில்லை. நேற்று கடை மவுத்வாஷ் ஊற்றிக் கொடுத்தேன், துடித்துப்போனார். இதைத் தாண்டியவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1
தம்பி, எனக்கு டான்சிலில் வந்தது, 35 முடித்தவன். அந்த மவுத்வாஷைத் தூக்கிப் போடுங்கள், ஆல்கஹால் கலந்ததாக இருக்கும். ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளித்தேன். வலி போகாது, ஆனால் பசை மாதிரி ஒட்டும் எச்சில் கழன்று வரும், அதுவே பெரிய நிம்மதி. தினமும் புதிதாகக் கலக்குங்கள்.

மாத்திரை விஷயத்தில் நானும் உங்கள் அப்பா மாதிரிதான் இருந்தேன். வலி ஏறிய பிறகு போட்டால் அது இறங்குவதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விடும். மார்ஃபின் திரவம் எழுதிக் கொடுத்தார்கள். நேரம் தவறாமல் எடுத்தேன், ஒரு வேளையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். புண் ஆறியதும் அவர்களே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள், பழகவெல்லாம் இல்லை.

வாயை மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் மருந்து கொடுத்தால் கவனம். வாய் மரத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். தொண்டையும் மரத்தால் புரையேறும்.

வெள்ளைப் படலத்தை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பூஞ்சையாக இருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். நாள் விட மட்டும் விடாதீர்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும்.

பதில் 2
என் கணவருக்கு எடை மளமளவென்று இறங்கியதும் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். நான் அழுதேன். ஆனால் அந்தக் குழாய்தான் அவரைக் கடைசி ரேடியேஷன் வரை கொண்டுபோனது. குழாய் இருந்தாலும் தினமும் இரண்டு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் விழுங்கும் தசை வேலை செய்ய மறந்துவிடுமாம். அப்புறம் ஒன்று தம்பி: கடைசி ரேடியேஷன் முடிந்த அன்றே வலி குறையாது. அவருக்கு அதற்குப் பிறகுதான் இரண்டு வாரம் உச்சத்தில் இருந்தது. அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேட்டவர்
பூஞ்சைதான், மருந்து ஆரம்பித்தாயிற்று. வலி மருந்துக்கு போனில் அலாரம் வைத்துவிட்டேன். அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை, காலையில் எனக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். 18 முடிந்தது.