அத்தானின் பாட்டுகள்: பிற்பாட்டுக்கு (பின்னால் சேர்ந்து பாட) ஆட்கள் தேவை

அன்பான ஊர் உறவுகளுக்கு,

அக்கா காலமாகி, அவவின் 31ஆம் நாள் கிரியை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அத்தானோடு போனில் கதைத்தவர்கள் எல்லோரும் மறுகா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏதும் புதுசா எழுதுறாரா?" இல்லை, எழுதவில்லை. தயவுசெய்து அதை அவரிடம் யாரும் கேட்க வேண்டாம்.

ஊரை விட்டுச் சின்ன வயதில் வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அத்தான் ஒருநாளும் பேனை பிடித்துப் பாட்டு எழுதியவர் இல்லை. முற்றத்தில் நடந்து நடந்து பாடுவார். அக்கா திண்ணையில் கொப்பியோடு இருந்து எழுதுவா. ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் பேனையை மூடி வைத்துவிடுவா, அவ்வளவுதான். அத்தான் ஒன்றும் சொல்லாமல் திரும்ப நடக்கத் தொடங்குவார். சின்னப் பிள்ளையாக அந்தத் திண்ணையில் இருந்து இதை எத்தனை பின்னேரம் பார்த்திருப்பேன்!

2004 மார்கழி 26 அன்று அந்தக் கொப்பிகள் வீட்டோடு சேர்ந்து கடலுக்குப் போயின. பிறகு முகாமில் இருந்த காலத்தில், பிள்ளைகளுக்கென்று நிவாரணத்தில் கிடைத்த ஒரு கொப்பியில், அக்கா நினைவிலிருந்தே எல்லாவற்றையும் திரும்ப எழுதினா. அத்தானுக்கே மறந்துபோன சரணங்கள் அவவுக்குப் பாடமாக இருந்தன. இன்று மிஞ்சியிருக்கிற பாட்டு அத்தனையும் அவவின் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கொப்பியைத்தான் அத்தான் இப்போது தொடுவதே இல்லை. மருமகள் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினாள்.

அதிலிருந்து 12 பாட்டுகளைத் தெரிந்து, கூத்தில் ஆளாளுக்கு உரிய பாட்டை எழுதிக் கொடுப்பது போல (சட்டம் கொடுப்பது என்போமே) ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தோம். அத்தானோடு மேடையேறிய பழைய கூட்டாளிகள், மட்டக்களப்பு கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த இரண்டு பிள்ளைகள், டொரொன்டோ, லண்டன், பாசல் என்று சிதறிப்போன நம் ஆட்கள், எல்லோரும் பாடுகிறார்கள். ஒருவரும் காசு கேட்கவில்லை.

முதல் மாதம் வீணாகத்தான் போனது. இப்போதைய வழக்கப்படி கணினியில் ஒரே சீராக 'டிக் டிக்' என்று அடிக்கும் கிளிக்கைப் போட்டு, அதற்குப் பாடச் சொன்னோம். சுருதி சரி, சொல் சரி, பாட்டில் மட்டும் உயிர் இல்லை. நம் கூத்து மெட்டு நிதானமாகத் தொடங்கிப் போகப் போக ஏறும். கூத்தர் மேடைக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த ஏற்றம்தான் ஆளை எழுப்பும். கிளிக் அதைக் கட்டிப்போட்டுவிட்டது. சரி, எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து பாடுவோம் என்று பார்த்தால், குரல் போய்ச் சேரப் பிந்துகிறது. கொஞ்சம் பிந்தினாலே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு இழுபடத் தொடங்கிவிடும். கடைசியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரே வழி சொன்னார். கிளிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சின்ன அறையில் அவர் மத்தளம் அடிக்க, பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம் போட, அதை முதலில் பதிவு செய்தோம். இப்போது உலகத்தில் எங்கே இருந்து பாடினாலும் அவருடைய கைக்குத்தான் பாடுகிறோம்.

காசு அனுப்பட்டுமா என்று கேட்டவர்களுக்கு: தனியாக அனுப்ப வேண்டாம். இந்தப் பாட்டுகளால் வரும் வருமானம் முழுக்க அத்தானுக்கே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை இயற்றியவருக்கு வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை உண்டு. இவ்வளவு காலமும் இந்தப் பாட்டுகள் எந்தெந்த மேடையிலோ பெயரில்லாமல் பாடப்பட்டன. இனி ஒவ்வொரு பாட்டின் கீழும் இரண்டு பெயரும் இருக்கும். அட்டையில் படம் ஏதும் போடவில்லை, அக்காவின் கையெழுத்துப் பக்கம் ஒன்றைத்தான் போடுகிறோம்.

இனிப் பிற்பாட்டு விசயம். அத்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து நம் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதையில்தான் (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடக்க வேண்டும். கலியாணம் பேசிய நாட்களில் பாதைக்காகக் காத்து நின்ற அந்தப் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதற்கு டொரொன்டோப் பிள்ளைகள் பிற்பாட்டுப் பாடி அனுப்பினார்கள். கலந்து முடித்து, பயந்து பயந்து போன கிழமை அத்தானுக்கு அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. அனுப்பியது பிழையோ என்று நித்திரை இல்லாமல் கிடந்தேன். ஐந்தாம் நாள் விடிய குரல் பதிவு ஒன்று வந்தது:

"தம்பி, பாட்டு நல்லாத்தான் இரிக்கி. ஆனா அது கரை. புள்ளயள் கறை எண்டு பாடுதுகள். கொக்காட எழுத்தப் பாரு."

அதன் கீழே கொப்பிப் பக்கத்தின் படம். அவரே எடுத்தது, பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் தெரிகிறது.

ஆகவே பிற்பாட்டைத் திரும்பப் பாட வேண்டும். வாற சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். காதில் இயர்ஃபோன் போட்டு மத்தளத்தைக் கேட்டுப் பாடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவாக வேண்டாம், வேவ் கோப்பாகவே அனுப்புங்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்து பிள்ளைகளுக்கு 'கரை' என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் தம்பி